மாடி எழுமுன் கிணற்றை எண்ணுவோம்

யாழ்ப்பாண நகரை அண்டிய எங்கள் வளவு 6 பரப்பு. ஒரு வீடு, ஒரு கிணறு, பின்மூலையில் ஒரு மலசலகூடம். 1995 இடம்பெயர்வுக்குப் பின் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கிணறு மட்டும் இருந்தது. அதை இறைத்துத் துப்புரவாக்கித்தான் மீண்டும் குடியிருக்கத் தொடங்கினோம். இன்று அந்த வளவு சீதனமாகவும் விற்பனையாகவும் பிரிந்து நான்கு வீடுகளாகிவிட்டது. அடுத்த காணியில் மூன்று மாடி வாடகைக் கட்டடம் எழுந்திருக்கிறது. கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதை நாங்கள் நிறுத்திவிட்டோம்.

நெருக்கமாக வீடு கட்டுவதே தவறு என்று நான் சொல்லவரவில்லை. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் காணியைப் பறிகொடுத்தவர்களுக்கும், காணியே இல்லாதவர்களுக்கும் தொழிலும் பாடசாலையும் வைத்தியசாலையும் உள்ள இடத்தில் வீடு வேண்டும். வயலையும் பனங்காணியையும் அழித்து நகரைப் பரப்புவதைவிட மாடியாக உயர்வது நல்லது. ஆனால் அந்த மாடிகளின் கழிவு எங்கே போகிறது என்பதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படையாக நிற்கிறது. அதைத்தான் கிணறுகளில் அள்ளுகிறோம். மலக்குழியிலிருந்து கசிவதும் அதே வெடிப்புகளால் இறங்குகிறது. தோட்டங்களுக்கு இடும் உரத்துடன் இந்தக் கழிவும் சேர்ந்தே தண்ணீரில் நைத்திரேற்றைக் கூட்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குக் கூறும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய நீர் கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 50 அடியாவது வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கிணற்றைச் சுற்றி 50 அடி ஆரையில் வட்டம் கீறினால் அதன் பரப்பளவு ஏறத்தாழ 29 பேர்ச், அதாவது கிட்டத்தட்ட 3 பரப்பு. அந்த வட்டத்துக்குள் ஒரு மலக்குழியும் இருக்கக்கூடாது. காணியை 6 பேர்ச் துண்டுகளாகப் பிரித்தால், அதே வட்டத்துக்குள் ஏறக்குறைய ஐந்து வீடுகள் வந்துவிடும். என் குழியை நான் தள்ளி வெட்டினாலும், மதிலுக்கு அப்பால் அயலவரின் குழி என் கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கும். இதில் அவரிலும் பிழை இல்லை. காணியைத் துண்டாக்க அனுமதிக்கும்போதே கணக்குப் பார்த்திருக்க வேண்டும்.

போர்க்காலத்தில் நம்மவர்கள் சென்று குடியேறிய வெள்ளவத்தையைப் பாருங்கள் என்பார்கள். அங்கும் நெரிசல் உண்டு. ஆனால் கொழும்பில் பிரித்தானியர் காலத்திலேயே நிலக்கீழ்க் கழிவுநீர்க் குழாய்கள் போடப்பட்டன. குடிநீரும் களனி கங்கையிலிருந்தும் தொலைவிலுள்ள நீர்த்தேக்கங்களிலிருந்தும் குழாயில் வருகிறது. காலடி மண்ணுக்குள் கழிவை விட்டு, அதே மண்ணிலிருந்து குடிக்கும் நிலை அங்கு இல்லை. யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான வீடுகள் இன்னமும் மலக்குழியையே நம்பியிருக்கின்றன.

2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய்நீர் கிடைப்பது பெரிய ஆறுதல். ஆயினும் வீட்டுக்குள் வரும் தண்ணீர் கூடினால் வெளியே போகும் கழிவுநீரும் கூடும். அது இறங்கும் நிலத்தடி நீரில்தான் நம் தோட்டங்கள் விளைகின்றன.

எனவே நகர அபிவிருத்தி அதிகார சபையும் உள்ளூராட்சி சபைகளும் அனுமதி கொடுக்குமுன் சிலவற்றைக் கட்டாயமாக்க வேண்டும். அயற்காணிகளின் கிணறுகளையும் குழிகளையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். பல குடும்பங்கள் வாழும் கட்டடத்துக்குக் கசியாத தொட்டியும் சுத்திகரிப்பு வசதியும் இருக்க வேண்டும். முற்றம் முழுவதற்கும் சீமெந்து போடாமல் மழைநீர் இறங்க மண் விட வேண்டும். குளங்களையும் வெள்ள வாய்க்கால்களையும் நிரப்பவே கூடாது. அம்புலன்ஸ் நுழைய முடியாத ஒழுங்கையில் மாடிக்கு இடமளிக்கக் கூடாது.

காணி வாங்குபவர்கள் உறுதியைப் பார்ப்பதோடு நிற்காமல், கிணற்று நீரையும் பரிசோதிப்பியுங்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் அயலவரின் குழி எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள்.