பஞ்சாங்கத்தின் பேரெண்

யாழ்ப்பாணத்தில் வாக்கியம், திருக்கணிதம் என இருவகைப் பஞ்சாங்கங்கள் வழங்குகின்றன. ஒரே திதி இரண்டிலும் வெவ்வேறு வேளையில் முடிவதால், தந்தையின் திதியை எந்நாளிற் கொடுப்பது என மயங்கும் குடும்பங்கள் பல. "இவற்றுள் எது பொய், ஐயா?" என்று என் மாணவன் ஒருவன் ஒருமுறை வினவினான். நான் கணிதம் பயின்றவனல்லேன். எனினும் 'பொய்' என்ற சொல் என்னை உறுத்தியது. விடை தேடிச் சென்றபோது கண்டது 1,600,984 என்னும் பேரெண்.

கலியுகத் தொடக்கந் தொட்டு இத்துணை நாட்கள் கழிந்த தினம் கி. பி. 1282ஆம் ஆண்டைச் சார்ந்தது. அன்று சூரியோதயத்திற் சந்திரன் பூமிக்கு மிகத் தொலைவாய், மிக மெல்லச் செல்லும் நிலையில் நின்றதாகக் கொண்டு, 'வாக்கியகரணம்' என்னும் நூல் தன் கணக்கைத் தொடங்கிற்று.

சந்திரன் அந்நிலையை மீண்டும் அடைய இருபத்தேழரை நாளுக்குச் சற்று மேலாகும். ஒன்பது சுற்றுக்கு 248 நாள் என வகுத்தனர். இஃது ஏறக்குறைய 13 நிமிடம் மிகை. பன்னிரு முறை அடுக்கினால் மிகை இரண்டரை மணியைத் தாண்டும். இரண்டு சுற்றுக்கு 55 நாள் என்றாலோ, ஏறக்குறைய அவ்வளவே குறை. ஆகவே 248ஐப் பன்னிரண்டாற் பெருக்கி 55ஐக் கூட்டினர். மிகையுங் குறையும் நேராகி, 3,031 நாளில் 110 சுற்றுக்கள் ஒரு நிமிடப் பிழையுமின்றி அடங்கின. அதனை நான்காற் பெருக்கி 248ஐக் கூட்ட, 12,372 ஆயிற்று. இது 449 சுற்று.

இன்றைய கலிநாளிலிருந்து பேரெண்ணைக் கழித்து, எஞ்சியதை 12,372, 3,031, 248 என முறையே வகுத்துவரின், இறுதி மீதியே அன்றைக்குரிய சந்திரவாக்கியத்தைக் காட்டும். புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணிதர் சோழிகளைப் பரப்பி, ஏடு எழுதாமலே கிரகணங் கணித்ததை யோன் வாரன் 1825இல் வெளியிட்ட நூல் கூறுகின்றது.

நம்மூர்க் கணிதத்துக்கும் ஒரு சோதனை நேர்ந்தது. 1829 மார்ச் 20ஆந் திகதிச் சந்திரகிரகணத்துக்கு அராலி விசுவநாத சாஸ்திரியார் கணித்த வேளையும், வட்டுக்கோட்டைச் செமினரியின் தானியேல் பூவர் கணித்த வேளையும் கால் மணி வேறுபட்டன. வானம் பூவரின் கணக்கையே மெய்ப்பித்தது.

சூரியனின் ஈர்ப்பாற் சந்திரன் ஓட்டத்தில் விளையும் வேறுபாடுகளைப் பழைய வாக்கியங்கள் கொள்ளவில்லை. அக்குறை அமாவாசை, பூரணைகளிற் பெரிதுந் தோன்றாது. இடைத்திதிகளிற் சில மணி நேரமாக வளரும். அவ்வேறுபாடுகளையுஞ் சேர்த்துக் கணிப்பது திருக்கணிதம்.

எனவே, அம்மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுவே: "இரண்டும் பொய்யல்ல, தம்பி. ஒன்று முன்னோர் கண்ட சந்திரன். மற்றொன்று அதன்பின் திருத்திக் கண்ட சந்திரன். திதியை உங்கள் வீட்டு வழக்கப்படி கொடுங்கள். ஆனால், வானத்தை நோக்கிக் கணக்கைத் தொடங்கியவர்களின் பிள்ளைகள், வானத்தை நோக்காமல் இருத்தல் ஆகாது."