அவசரச் சட்டம் வந்த பிறகும் ஏன் கலையவில்லை?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டம் பற்றிப் பேச்சு வந்தால், "அவசரச் சட்டம் வந்த பிறகும் ஏன் கலையவில்லை?" என்று சிலர் கேட்கிறார்கள். அப்போது எட்டாம் வகுப்பு படித்த என் பேத்தியும் மெரினாவில் இதைத்தான் கேட்டாள்.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 பொங்கலுக்கும் தடை நீங்கவில்லை. அலங்காநல்லூரில் போராடியவர்கள் கைதானதும், ஜனவரி 17 அன்று விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மெரினாவில் இளைஞர்கள் கூடினார்கள். 21, சனிக்கிழமை, நானும் பேத்தியும் செஞ்சி, திண்டிவனம் வழியாகப் பஸ் பிடித்துப் போனோம். குப்பையைப் பிள்ளைகளே பொறுக்கினார்கள். முகம் தெரியாத ஒருவர் எங்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்.

அன்றுதான் ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பித்தார். "ஜெயிச்சாச்சே தாத்தா, இன்னும் ஏன் உட்கார்ந்திருக்காங்க?" என்றாள். மணலிலேயே பாடம் நடத்தினேன். அரசமைப்புச் சட்டம் 213-ஆவது பிரிவின்படி, சட்டமன்றம் கூடிய ஆறு வாரத்தில் அவசரச் சட்டம் காலாவதியாகிவிடும். அதற்குள் அதைச் சட்டமாக்க வேண்டும். கூட்டம் கேட்டது அந்த நிலையான சட்டத்தை.

1965-லும் இதே சிக்கல்தான். ஆங்கிலத்துக்குக் கொடுத்த 15 ஆண்டுக் கெடு அந்த ஜனவரி 26 அன்று முடிந்தது. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இருக்கும் என்று நேரு வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் 1963 ஆட்சிமொழிச் சட்டத்தில் ‘தொடரலாம்’ என்றுதான் இருந்தது, ‘தொடரும்’ என்று இல்லை. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பிப்ரவரி 11 அன்று பிரதமர் சாஸ்திரி, நேருவின் வாக்கைக் காப்போம் என்று வானொலியில் சொன்னார். அந்த வாக்கைச் சட்டமாக்கும் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 1967 டிசம்பரில்தான்.

திங்கட்கிழமை பள்ளி என்பதால் 22-ஆம் தேதியே ஊர் திரும்பினோம். 23 காலை போலீசார் மெரினாவைக் காலி செய்தார்கள். சென்னையில் தடியடி, தீவைப்பு. அன்று மாலையே சட்டமன்றம் ஒருமனதாக மசோதாவை நிறைவேற்றியது. டிவியில் இரண்டையும் பார்த்த பேத்தி அழுதாள். "சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா அவங்களே எழுந்து போயிருப்பாங்க இல்ல தாத்தா?" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்தச் சட்டம் செல்லும் என்று 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

என் மாணவர்களில் பலர் இன்று அரசுப் பணியில் இருக்கிறீர்கள், சிலர் காவல்துறையில். மக்கள் எழுத்தில் கேட்டால் அதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். கொடுக்கப்போவதை முதலில் விளக்கிச் சொல்லுங்கள், தடியைப் பிறகு யோசிக்கலாம். போராடப் போகும் பிள்ளைகளே, கையில் கொடுத்த காகிதம் எத்தனை நாள் செல்லும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அன்று மெரினாவில் இருந்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.