புத்தகத்தின் முதுகு எந்தப் பக்கம்?



சென்ற மாதம் நம் வளாகத்தில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். ஹாலில் ஒரு சுவர் முழுக்கப் புத்தக அலமாரி. ஆனால் ஒரு புத்தகத்தின் பெயரையும் படிக்க முடியவில்லை. எல்லாப் புத்தகங்களும் முதுகைச் சுவர்ப்பக்கம் காட்டி நின்றன. தாள்களின் ஓரம் மட்டுமே வெளியே தெரிந்தது.

"இப்போ இதுதான் அங்கிள் ஸ்டைல். எல்லாம் ஒரே கலர்ல இருக்கும்" என்றார் அந்த வீட்டுத் தம்பி.

முதுகில் எண் ஒட்டிய லெட்ஜர்களோடு காலம் தள்ளியவன் நான். முதலில் திகைப்பாகத்தான் இருந்தது. ஆனால் இந்த ஸ்டைல் புதிது அல்ல. 400 வருடப் பழையது. அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

அச்சு வருவதற்கு முன் ஐரோப்பாவில் புத்தகங்களைக் கையால் எழுதினார்கள். ஒரு பிரதி முடிய மாதக்கணக்கில் ஆகும். விலையோ மிக அதிகம். காணாமல் போகக் கூடாது என்று நூலகங்களில் புத்தகத்தை இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்தார்கள். சங்கிலியின் ஒரு முனை அட்டையின் முன் ஓரத்தில் இருக்கும். முதுகு வெளியே தெரியும்படி வைத்தால், எடுத்துத் திருப்பும்போதெல்லாம் சங்கிலி சிக்கிக்கொள்ளும். அதனால் முதுகை உள்ளே தள்ளி வைத்தார்கள். எந்தப் புத்தகம் எங்கே என்ற பட்டியல் அலமாரியின் பக்கவாட்டில் தொங்கும். இங்கிலாந்தில் ஹெர்ஃபோர்டு பேராலயத்தின் சங்கிலி நூலகத்தில் இதை இன்றும் பார்க்கலாம். அங்குள்ள அலமாரிகள் 1611இல் செய்தவை. அச்சு இயந்திரம் வந்து 150 வருடத்துக்கு மேல் ஆகியும் சங்கிலி போகவில்லை, பாருங்கள்!

பிறகு அச்சுப் புத்தகங்கள் பெருகின, விலை குறைந்தது, சங்கிலிகள் மெல்லக் கழன்றன. புத்தகத்தின் முகம் திரும்பியது; முதுகில் பெயரைப் பொன்னெழுத்தில் பொறிக்கும் வழக்கம் வளர்ந்தது.

வீட்டில் அழகாகப் புத்தகம் அடுக்கும் ஆசையும் அப்போதே வந்துவிட்டது. லண்டனில் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பீப்ஸ், நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்றவர். அவர் 1666இல் ஒரு தச்சரை வைத்துக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகள் செய்யத் தொடங்கினார். அவை 12 ஆகப் பெருகின; புத்தகங்கள் 3,000. எல்லாவற்றையும் உயரவாரியாக அடுக்கினார். உயரம் குறைந்தவற்றுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து வரிசையைச் சமன் செய்தார். ஒன்றைக்கூடச் சேர்க்கவோ எடுக்கவோ கூடாது என்ற ஏற்பாட்டோடு விட்டுச்சென்றார். இன்றும் அவை கேம்பிரிட்ஜில் மாடலின் கல்லூரியில் அப்படியே இருக்கின்றன.

புத்தகத்தைப் பூட்டி வைக்கும் இந்த மனப்பான்மையைக் கேள்வி கேட்டவர் நம் ஊர்க்காரர். சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகம் இருப்பதே பயன்படுத்துவதற்காக என்பது. அதை விளக்கும்போது பழைய சங்கிலிகளைத்தான் அவர் சுட்டிக்காட்டினார். வாசகர்கள் தாங்களே அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்க்க வழி செய்தார்.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நம் சங்க அறையில் ஒரு கண்ணாடி பீரோ நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. எல்லாம் நீங்கள் கொடுத்தவை. அதற்குப் பூட்டு தொங்குகிறது. "திறந்து வைத்தால் ஒன்றும் மிஞ்சாது" என்று பூட்டு போடச் சொன்னவர்களில் நானும் ஒருவன். வங்கிப் புத்தி! அதன் பலன், இரண்டு வருடத்தில் ஒரு புத்தகமும் தொலையவில்லை; ஒரு புத்தகத்தையும் யாரும் படிக்கவும் இல்லை. சாவி யாரிடம் என்று விசாரித்துவிட்டுத் திரும்பிப்போன குழந்தைகளை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்த பொதுக்குழுவில் அந்தப் பூட்டை எடுத்துவிடலாம் என்று நானே முன்மொழியப் போகிறேன். கூடவே ஒரு நோட்டும் பேனாவும் வைப்போம். எடுப்பவர்கள் பெயர் எழுதட்டும். வருடத்துக்குப் பத்துப் புத்தகம் திரும்பி வராவிட்டாலும் அதை வாராக்கடன் என்று எழுத நான் தயாரில்லை. யாரோ ஒருவர் வீட்டில் அது படிக்கப்படும்.

நீங்களும் வந்து கை தூக்குங்கள்.