நொண்டிக் குதிரை மேல் இரண்டு டாலர்

1940, மார்ச் 2. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். சான்டா அனிடா ரேஸ் மைதானத்தில் 75 ஆயிரம் பேர் முண்டியடிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நீங்களும் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் இருப்பது இரண்டே டாலர். சீபிஸ்கட் என்ற குதிரையின் மேல் கட்டலாமா, கூடாதா?

அவசரப்படாதீர்கள். முதலில் ஜாதகத்தைப் பார்த்துவிடுவோம்.

சீபிஸ்கட் பெரிய இடத்துப் பிள்ளை. அமெரிக்காவே தலையில் வைத்துக் கொண்டாடிய 'மேன் ஓ வார்' அதற்குத் தாத்தா. ஆனால், பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். குள்ளம். முட்டி வேறு கோணல். முதல் 17 ரேஸில் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. 1936-ல் சார்லஸ் ஹோவர்ட் அதை 8,000 டாலருக்கு வாங்கினார். மனிதர் கார் விற்றுப் பணக்காரரானவர்! டாம் ஸ்மித் டிரெய்னராக வந்தார். ரெட் போலார்ட் ஜாக்கியாக வந்தார். அதன்பிறகு பிடித்தது வேகம். 1938 நவம்பர் 1-ம் தேதி, அமெரிக்காவின் மூன்று பெரிய ரேஸ்களையும் முந்தின வருஷம் ஒருசேர ஜெயித்திருந்த 'வார் அட்மிர'லோடு ஒண்டிக்கு ஒண்டி மோதல். நாலு குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்தது நம்மாள். வார் அட்மிரல், உறவு முறையில் சீபிஸ்கட்டுக்குச் சித்தப்பா. வயதில் ஒரு வருஷம் சின்னது!

இத்தனை இருந்தும் ஒரு குறை. ஒரு லட்சம் டாலர் பரிசு கொண்ட சான்டா அனிடா ஹாண்டிகேப் மட்டும் கைக்கு எட்டவில்லை. 1937-ல் மூக்கு நுனியில் தோல்வி. 1938-லும் அதே மூக்கு நுனி!

சரி, இப்போது கணக்கை எழுதுவோம். முதலில் பாதகங்கள்.

ஒன்று, கால். 1939 பிப்ரவரியில் இடது முன்னங்காலில் தசைநார் கிழிந்துவிட்டது. பெரும்பாலான குதிரைகளுக்கு ரேஸ் வாழ்க்கை அத்தோடு முடிந்துவிடும். இரண்டு, வயது. ஏழு என்பது ரேஸ் குதிரைக்கு ரிட்டயர்மென்ட் வயது. மூன்று, பாரம். ஹாண்டிகேப் ரேஸில் நல்ல குதிரைக்குத்தான் தண்டனை. திறமைக்குத் தகுந்தபடி எடை ஏற்றுவார்கள். சீபிஸ்கட்டுக்கு 130 பவுண்டு, அதாவது சுமார் 59 கிலோ.

நான்கு, ஜாக்கி. போலார்டுக்கு ஒரு கண்ணில் பார்வையே கிடையாது. அதை மறைத்துத்தான் தொழில் செய்துகொண்டிருந்தார். போதாக்குறைக்கு 1938-ல் ஒரு விபத்தில் நெஞ்சு நசுங்கி, இன்னொரு விபத்தில் கால் நொறுங்கிப் படுத்தவர். ஹோவர்டின் பண்ணையில் நொண்டிக் குதிரையும் நொண்டி ஜாக்கியும் சேர்ந்து நடை பழகினார்கள். நீங்கள் தோற்றால் இரண்டு டாலர் போகும். அவர் விழுந்தால்? அந்தக் கால் இன்னொரு முறை தேறுவது சந்தேகம்.

பந்தயப் பலகையைப் பார்த்து முடிவு செய்யலாம் என்கிறீர்களா? அதுவும் உதவாது. போன வருஷம் இதே ரேஸை ஜெயித்த 'கயாக்'கும் ஹோவர்டின் குதிரைதான். ஒரே முதலாளி என்பதால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பந்தயம். ஜனம் பணம் கட்டுவது கிழட்டுக் குதிரைக்கா, கயாக்குக்கா? யார் கண்டது!

சாதகம் என்று ஒன்றே ஒன்றுதான். பிப்ரவரியில் நடந்த முன்னோட்ட ரேஸ்கள். முதலாவதில் மூன்றாம் இடம். அடுத்ததில் ஆறாம் இடம். 'அவ்வளவுதான்' என்று எழுந்து போகத் தோன்றும். அங்கேதான் தப்பு செய்வோம். காயத்திலிருந்து மீண்ட குதிரை எத்தனாவதாக வந்தது என்பதல்ல கேள்வி. ஓடி முடித்தபின் கால் தாங்கியதா? தாங்கியது. ஒரே வாரத்தில் மூன்றாவது முன்னோட்டம் ஓடி, ஜெயித்தும் காட்டியது.

கட்டிவிட்டீர்களா? ரேஸ் தொடங்கிவிட்டது.

முக்கால்வாசி தூரம் சீபிஸ்கட் இரண்டாவதாகவே ஓடியது. கடைசி வளைவில் முன்னே ஒரு குதிரை, பக்கத்தில் இன்னொன்று. வழியே இல்லை. போலார்ட் பொறுத்தார். ஒரு இடுக்கு திறந்தது. அவ்வளவுதான், உள்ளே புகுந்து பறந்தது. பின்னாலேயே துரத்தி வந்த கயாக்குக்கு இரண்டாம் இடம். ஒன்றேகால் மைல், 2 நிமிடம் 1.2 விநாடி. அந்த மைதானத்தில் அது புது ரெக்கார்டு!

கயாக் முழு மூச்சாக ஓடியதா என்று பிற்பாடு சிலர் முணுமுணுத்தார்கள். சீபிஸ்கட் ஜெயிப்பதையே விரும்புவதாக ஹோவர்ட் முன்பே அறிவித்திருந்தார். சட்டப்படி அது அவர் உரிமை. ஆனால், ரெக்கார்டு வேகத்தை யாரும் விட்டுக்கொடுத்து உண்டாக்க முடியாது.

அதன்பின் சீபிஸ்கட் ரேஸ் ஓடவே இல்லை. மொத்தம் 4,37,730 டாலர் சம்பாதித்து, அன்றைய தேதியில் உலகத்திலேயே அதிகம் பணம் ஜெயித்த குதிரை என்ற பெயரோடு பண்ணைக்குத் திரும்பியது. 1947-ல் அங்கேயே இறந்தது.

திரும்பி வருவது கஷ்டம். வந்து ஜெயித்தபின், 'இன்னும் ஒரே ஒரு ரேஸ்' என்று ஆசைப்படாமல் லகானை இழுத்துப் பிடிப்பது அதைவிடக் கஷ்டம். ஹோவர்ட் போட்ட கணக்குகளிலேயே கெட்டிக்காரக் கணக்கு அதுதான்.