ஊக்கப்படுத்தச் சென்றவர்கள்: டயர்மன், பென்னட் பயணமும் தேவபிரசன்னமும் (1821–1829)

1821ஆம் ஆண்டு மே மாதத்தில் லண்டன் மிஷனரி சங்கத்தின் தூதுக்குழுவாக இருவர் திமிங்கில வேட்டைக் கப்பலொன்றில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டனர். ஒருவர் வைட் தீவின் நியூபோர்ட் நகரப் போதகர் டேனியல் டயர்மன். மற்றவர் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஜார்ஜ் பென்னட். இவர் போதகர் அல்லர். தென்கடல் தீவுகளிலும் ஆசியாவிலும் பணியாற்றிய மிஷனரிகளை நேரில் கண்டு திடப்படுத்துவதும், நிலையங்களின் நிலைமையைச் சங்கத்திற்கு அறிவிப்பதும் அவர்களுக்கு இடப்பட்ட பணி. சங்கத்தின் முதல் மிஷனரிகள் தஹித்தியில் இறங்கியது 1797இல். அவர்களுள் பலர் மறு ஆண்டே அச்சத்தால் சிட்னிக்கு அகன்றனர். கடிதம் ஒன்றுக்கு மறுமொழி பெற ஓராண்டுக்கு மேல் ஆன காலம் அது. தனிமையில் தளர்ந்தவர்களுக்கு ஒரு மனித முகத்தை அனுப்புவதே சங்கத்தின் எண்ணம்.

எட்டாண்டுகள் நீண்ட இப்பயணத்தின் குறிப்புகளைக் கவிஞர் ஜேம்ஸ் மான்ட்கோமெரி தொகுத்து, 1831இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். கடவுள் உடன் வருகிறார் என்னும் உணர்வு அந்நூலெங்கும் பரவியுள்ளது. மிஷனரி ஆவணங்களை ஆராய்வோர் இத்தகைய பகுதிகளைச் சமய அலங்காரமெனக் கடந்துவிடுவது வழக்கம். ஆயின், அவ்வுணர்வு எவ்விடங்களில் எழுகிறது, அவ்விடங்களில் உடனிருந்தோர் யாவர் என்று நோக்கினால் வேறொரு வரலாறு புலப்படும்.

முதலாவது இடம் ஹவாய். 1822இல் மார்க்கேசஸ் தீவுகளுக்குச் செல்லும் நோக்குடன் வில்லியம் எல்லிஸோடு புறப்பட்ட தூதுக்குழு, கப்பலின் அலுவல் காரணமாக முதலில் ஹவாயை அடைந்தது. சில நாள் தங்க எண்ணியவர்கள் ஏறத்தாழ நான்கு மாதங்கள் தங்க நேர்ந்தது. மார்க்கேசஸ் பயணம் நிறைவேறவேயில்லை. இத்தாமதத்தை அவர்கள் தெய்வச் செயலாகவே கண்டனர். 1820இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிகள் அப்போது மொழியிலும் நம்பகத்திலும் தடுமாறிக்கொண்டிருந்தனர். ஆங்கிலேயரின் பகைக்கு அவர்கள் வழிகோலுவர் என்ற ஐயம் தலைவர்களிடையே இருந்தது. ஆங்கில மிஷனரிகளின் வருகை அதனைத் தணித்தது. தஹித்திய மொழியறிந்த எல்லிஸ், அதற்கு உறவான ஹவாய் மொழியில் விரைவிலேயே உரையாற்றத் தொடங்கினார்.

எனினும் அரச குடும்பத்தின் இல்லத்திற்குள் அழைக்கப்பட்டவர்கள் தூதுக்குழுவினர் அல்லர். அவர்களோடு வந்த அவுனா என்னும் பொலினீசியக் கிறிஸ்தவரும் அவர் மனைவியுமே. பேரரசி காஅஹுமனு அவர்களைத் தம்முடன் தங்கச் செய்தார். அவ்வாண்டு அப்பேரரசி மேற்கொண்ட தீவுப் பயணத்திலும், எஞ்சிய தெய்வ உருவங்கள் எரிக்கப்பட்ட நிகழ்விலும் அவுனா உடனிருந்தார். ஊக்கப்படுத்தும் பணியை அங்கு உண்மையில் ஆற்றியவர் தூதுக்குழுப் பட்டியலில் இடம்பெறாத ஒருவர்.

இரண்டாவது இடம் நியூசிலாந்தின் வாங்கரோவா துறைமுகம். 1809இல் 'பாய்ட்' கப்பலில் மாவோரித் தலைவர் மகன் ஒருவர் சாட்டையடி பட்டதற்குப் பழியாக, அக்கப்பலில் இருந்தோரில் பெரும்பாலோர் இதே துறைமுகத்தில் கொல்லப்பட்டனர். 1824 ஜூலையில் தூதுக்குழுவின் கப்பலிலும் கைகலப்பு மூண்டது. மாவோரி வீரர்கள் சூழ்ந்துகொள்ள, இருவரும் சாவை எதிர்நோக்கி நின்றனர். அருகே பணியாற்றிய வெஸ்லியன் மிஷனரியும் மாவோரித் தலைவர் ஒருவரும் வந்து சேர்ந்தமையால் உயிர் பிழைத்தனர். இது தேவபாதுகாப்பு என்பது அவர்கள் உறுதி. ஆனால், திடப்படுத்த அனுப்பப்பட்டவர்களை இங்குக் காத்தவர்கள் ஏற்கெனவே அங்கிருந்த மிஷனரியும் அம்மண்ணின் மைந்தரும் ஆவர்.

ஆஸ்திரேலியா, ஜாவா, மலாக்கா, இந்தியா ஆகியவற்றைக் கடந்து 1828 ஜூலையில் இருவரும் மடகாஸ்கரின் அந்தனானரிவோவை அடைந்தனர். அம்மிஷனின் முன்னோடி டேவிட் ஜோன்ஸ், வந்த தொடக்கத்திலேயே மனைவியையும் குழந்தையையும் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். மிஷனுக்கு ஆதரவளித்த மன்னர் முதலாம் ரடாமா ஜூலை 27இல் இறந்தார். அரண்மனை அச்செய்தியைச் சில நாள் மறைத்தது. ஜூலை 30இல் டயர்மனும் இறந்தார். ஆறுதல் கூறச் சென்றவரை, ஆறுதல் பெறவேண்டியவர்களே அடக்கம் செய்தனர். அரியணையேறிய முதலாம் ரணவலோனாவின் ஆட்சியில், 1835இல் மலகாசி மக்களுக்குக் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது.

தப்பிப்பிழைத்தலைத் தெய்வத் துணைக்குச் சான்றாகக் கொண்டால், அந்தனானரிவோவில் அச்சான்று முறிந்துவிடும். ஆயினும் 1829இல் தனியே தாயகம் திரும்பிய பென்னட், இருவரின் குறிப்புகளும் ஒரே பயணக் கதையாக வெளிவர இசைந்தார். நூலில் பல இடங்களில் எது டயர்மன் கண்டது, எது பென்னட் உணர்ந்தது எனப் பிரித்தறிதல் அரிது. அது ஆய்வாளனுக்கு இடர். பென்னட்டுக்கோ, இறந்த தோழரை உடன் அழைத்துவரும் வழி.

ஆகவே இவ்வகை ஆவணங்களில் 'கடவுள் உடனிருந்தார்' என்ற கூற்றை மெய்ப்பிப்பதோ மறுப்பதோ வரலாற்றாய்வின் வேலையன்று. அக்கூற்று எழும் தருணங்களில் உடனிருந்த மனிதர்களைத் தேடுவதே அதன் வேலை. டயர்மனும் பென்னட்டும் தேவபிரசன்னத்தைச் சுமந்து செல்வதாக எண்ணிப் புறப்பட்டனர். சென்ற இடங்களில் அது அவர்களுக்கு முன்பே காத்திருந்ததாகவே குறிப்புகள் காட்டுகின்றன. பெரும்பாலும் அதற்கு அவுனாவைப் போன்ற ஒருவரின் முகம் இருந்தது. அம்முகங்களுக்குப் பெயர் மீட்டுத் தருதல் இந்திய மிஷனரி ஆவணங்களை வாசிப்போருக்கும் எஞ்சியிருக்கும் கடமை.