சூரியசக்தி பம்புசெட்: விவசாயியின் முடிவைத் தீர்மானிப்பது எது?

பாசனத்துக்குச் சூரியசக்தியைப் பயன்படுத்த விவசாயிகளை ஊக்குவிக்கும் நோக்கில் மத்திய அரசு பி.எம். குசும் திட்டத்தை 2019-ஆம் ஆண்டு தொடங்கியது. திட்டம் ஒன்றாக இருந்தாலும், விவசாயிகளின் ஆர்வம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. தண்ணீர் இறைக்க ஏற்கெனவே ஆகும் செலவும், மின்சாரம் கிடைக்கும் நேரமும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

மானியம் எவ்வளவு?

மின் இணைப்பு இல்லாத இடங்களில் 7.5 குதிரைத்திறன் வரையிலான பம்புசெட்டுகளுக்கு மத்திய அரசு 30 சதவீதமும், மாநில அரசு குறைந்தது 30 சதவீதமும் வழங்க இத்திட்டம் வகை செய்கிறது. வடகிழக்கு மற்றும் மலைப்பகுதி மாநிலங்களில் மத்திய அரசின் பங்கு 50 சதவீதம். மகாராஷ்டிரத்தில் விவசாயிகள் 10 சதவீதமும், பட்டியல் சாதி, பழங்குடியின விவசாயிகள் 5 சதவீதமும் செலுத்தினால் போதும். ஆயினும், கையில் ரொக்கம் இல்லாத சிறு விவசாயிகளுக்கு இந்தப் பங்குத் தொகையும் சுமையே.

டீசலும் இலவச மின்சாரமும்

பீகார், கிழக்கு உத்தரப் பிரதேசப் பகுதிகளில் டீசல் இன்ஜினை நம்பியிருப்போருக்கு, சூரியசக்திக்கு மாறியவுடன் எரிபொருள் செலவு மிச்சமாகிறது. பஞ்சாபில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால் அத்தகைய லாபம் கிடைப்பதில்லை. இரவில் மும்முனை மின்சாரம் வழங்கப்படும் பகுதிகளிலோ, பகலிலேயே நீர் பாய்ச்சும் வசதி பணத்தைவிடப் பெரிதாகக் கருதப்படுகிறது. இருளில் வயலுக்குச் செல்வோருக்குப் பாம்புக்கடி அபாயம் உண்டு.

உபரி மின்சாரத்தில் வருமானம்

குஜராத்தின் கேடா மாவட்டம் துண்டி கிராமத்தில், சூரியசக்தி பம்புசெட் வைத்துள்ள விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் 2016-ஆம் ஆண்டு உபரி மின்சாரத்தை மின்பகிர்மான நிறுவனத்துக்கு விற்கத் தொடங்கியது. மின்தொகுப்புடன் இணைந்த பம்புசெட்டுகளுக்கு குசும் திட்டமும் இந்த வாய்ப்பை அளிக்கிறது. தரிசு நிலத்தில் 2 மெகாவாட் வரையிலான மின்நிலையம் அமைக்கவோ, நிலத்தைக் குத்தகைக்கு விடவோ முடியும்.

நம்பிக்கையும் நிலத்தடி நீரும்

பழுதை யார் சரிசெய்வார், எத்தனை நாளில் வருவார் என்ற கேள்விக்கு உறுதியான பதில் கிடைத்தால் மட்டுமே தயக்கம் நீங்கும். அண்டை வயலில் தடையின்றி ஓடும் பம்புசெட் விளம்பரத்தைவிட அதிக நம்பிக்கை தருகிறது.

அதேவேளையில், பம்புசெட்டைப் பொருத்திய பின் தண்ணீர் இறைக்கத் தனிச் செலவு இல்லாததால் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்படும் அபாயம் உள்ளது. எனவே, நீர்மட்டம் அபாய அளவுக்குக் குறைந்த பகுதிகளில், நுண்ணீர்ப் பாசனத்தைப் பின்பற்றினால் மட்டுமே ஏற்கெனவே உள்ள டீசல் பம்புசெட்டுகளைச் சூரியசக்திக்கு மாற்றத் திட்ட விதிகள் அனுமதிக்கின்றன. இறைக்காமல் மிச்சப்படுத்தும் மின்சாரத்துக்கு நியாயமான விலை கிடைத்தால், தண்ணீரைச் சேமிப்பதே விவசாயிக்கு லாபமாகும்.