கொச்சி மண்ணில் உப்பும் நெல்லும் கிழங்கும்

மலருக்கு ஏதாவது வரலாறு எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, கல்வெட்டு, சமணர் படுக்கை என்று எழுதுவேன் என்றுதான் நினைத்திருப்பார். அடியேன் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி., தொழில் அரிசி வியாபாரம். ஆகவே நாம் குடியிருக்கும் இந்த மண்ணின் சோற்றுக் கதையையே எழுதுகிறேன். பெரியோர் பிழை பொறுக்க.

கொச்சித் துறைமுகம் வெள்ளத்தில் பிறந்தது. பழைய முசிறி என்று சொல்லப்படும் கொடுங்கல்லூர்ப் பக்கத்து முகத்துவாரத்தை 1341-ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளம் தூர்த்துவிட, கொச்சியில் புது வாய் திறந்தது. வைப்பின் தீவு அப்போதுதான் மேடிட்டது என்பர். அந்த வருஷத்தை முதலாகக் கொண்டு 'புதுவைப்பு' என்று ஓர் ஆண்டுக் கணக்கே வழங்கியது. பிறகு மனிதனும் நிலம் உண்டாக்கத் தொடங்கினான். 1920-இல் வந்த எஞ்சினியர் ராபர்ட் பிரிஸ்டோ முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டி, 1928-இல் 'பத்மா' என்ற கப்பலை உள்ளே வரவைத்தார். தோண்டிய சேற்றைக் கொட்டி எழுப்பியது வெலிங்டன் தீவு, சுமார் 780 ஏக்கர். பின்னாளில் எர்ணாகுளத்து மெரைன் டிரைவும் காயலை மேடாக்கி வந்ததுதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதற்கெல்லாம் முந்திய இன்னொரு முறை. அதில் காயலிடமிருந்து நிலத்தை வாங்குவார்கள், அரை வருஷத்தில் திருப்பியும் கொடுத்துவிடுவார்கள். பொக்காளி என்று பெயர். கடமக்குடி, ஏழிக்கரை, செல்லானம் பக்கம் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள், ஒரு சமயம் பச்சை வயல், ஒரு சமயம் ஒரே தண்ணீர்.

சித்திரை பிறந்ததும் உப்புநீரை வடித்து, சேற்றைச் சிறு சிறு மேடாகக் கூட்டி வைப்பார்கள். இடவப்பாதி மழை அந்த மேட்டு உப்பைக் கழுவிவிடும். முளைகட்டிய விதையை மேட்டின்மேல் போட்டு, ஒரு மாதம் போல வளர்ந்த பிறகு மேட்டையே மண்வெட்டியால் நாற்றோடு வெட்டி நிலமெங்கும் பரப்புவார்கள். அவ்வளவுதான். உரம் கிடையாது, மருந்து கிடையாது. பயிர் ஆள் உயரம் வளரும். அறுக்கும்போது இடுப்பளவு நீரில் நின்று கதிரை மட்டும் கொய்வார்கள், தாளை விட்டுவிடுவார்கள். நவம்பர் பாதியில் தூம்பைத் திறந்தால் வேலியேற்றத்தில் இறால் குஞ்சு உள்ளே வரும். அழுகின தாள் அதற்குத் தீனி, அதன் கழிவு அடுத்த நெல்லுக்கு எரு. ஏப்ரல் பாதி வரைக்கும் நிலம் கடலுடையது.

தூம்பு என்றேனே, கவனித்தீர்களா? ஏரி மதகுக்கு நம் கல்வெட்டுகளில் வரும் அதே சொல். மலையாளத்தார் 'சிற' என்பதும் நம் 'சிறை'தான், நீரைச் சிறை செய்யும் கரை. நம்ம ஊரில் தூம்பு நல்ல தண்ணீரைக் காத்தது, இங்கே உப்புத் தண்ணீருக்குக் கதவு திறக்கிறது. மொழி ஆராய்ச்சியை இதோடு விடுகிறேன், செயலாளர் பக்கக் கணக்கு பார்ப்பார்.

இவ்வளவு விளைந்தும் இந்த நாட்டுக்கு நெல் போதவில்லை. கொச்சியும் திருவிதாங்கூரும் பர்மா அரிசியை நம்பியே சாப்பிட்டன. 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். அரிசிக் கப்பல் நின்றது.

என் அப்பா வந்தவாசிப் பக்கத்திலிருந்து 1941-இல், பதினாறு வயதில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஓர் அரிசிக் கிடங்குக்குக் கணக்கெழுத வந்தவர். அடுத்த வருஷமே கிடங்கு காலி. 'எலிகூட வேற கிடங்குக்குப் போயிடுச்சுடா' என்பார். ரேஷனில் கிடைத்ததை ஒருவேளைக் கஞ்சிக்குத்தான் கணக்குப் பண்ணலாம். சனங்களைக் காப்பாற்றியது மரவள்ளிக்கிழங்கு. போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது அது. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஏழை உணவு என்று அதைப் பரப்பினார். முதல் தண்ணீரைக் கொட்டி வேகவைக்க வேண்டும், இல்லாவிட்டால் விஷம். நறுக்கி வாட்டிக் காயவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

எங்களுக்கோ கிழங்கு ஆகாது. ஒரு கிழங்கில் கணக்கில்லா உயிர், அதைத் தோண்டும்போது மண்ணில் இருப்பவையும் சாகும் என்பது சமண நெறி. அப்பா தங்கியிருந்த வீட்டுச் சேச்சி தட்டில் கிழங்கும் காந்தாரி மிளகாயும் வைத்துக் கொடுத்தாராம். இரண்டு நாள் தொடவில்லை. 'மூணாம் நாள் தின்னேன்' என்று எனக்குச் சொன்னபோது அவருக்கு எழுபது வயது. சாகும்வரை சதுர்த்தசி உபவாசத்தை விட்டதில்லை. ஆனால் ஓணத்துக்கு ஓணம் அந்தச் சேச்சி வீட்டுக்கு ஒரு மூட்டை கிழங்கு அனுப்புவார். நம் வீட்டில் ஏறாத சாமானை ஏன் வாங்குகிறார் என்று எனக்கு அதுவரை விளங்கவில்லை.

எனக்கு உயிர்க்கணக்கோடு மண்கணக்கும் உண்டு. மலைச்சரிவில் கிழங்கைப் பிடுங்கினால் மண் இளகி அடுத்த மழையில் ஓடிவிடும், கேரள மலைகளில் இது நடந்தது. என்றாலும் பசித்தவனிடம் மண்ணரிப்பு பேச முடியுமா? அதே யுத்த காலத்தில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் இதே கிழங்கு மாவில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார், 1943-இல். ஆதியில் ஜவ்வரிசி மலாய்ப் பக்கத்துப் பனை இன மரத்தின் சோறு. அந்த நினைப்பில் விரதத்துக்குப் பாயசம் காய்ச்சும் நம் வீட்டுப் பெண்களிடம் இதை நான் சொல்வதில்லை.

பொக்காளி அரிசிக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெல்வயலையும் நீர்நிலத்தையும் காக்கும் கேரளச் சட்டமும் அதே ஆண்டுதான். நம் திருப்பூணித்துறைக்குப் பக்கத்தில், வைற்றிலையில், இதற்கென்றே வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இருந்தும் நிலம் குறைந்துகொண்டேதான் வருகிறது. சேற்றில் இறங்கக் கூலியாள் இல்லை, யந்திரம் அந்தச் சேற்றில் நிற்காது. இறாலில் வரும் பணம் நெல்லில் வராது. உள்ளதைச் சொன்னால், என் கடையில் நான் விற்கும் அந்த அரிசிக்குப் படியளப்பதே இறால்தான். சைவம் பேசும் என்னைப் போன்றவன் கொஞ்சம் தலைகுனிய வேண்டிய இடம் அது.

போன ஐப்பசியில் கடமக்குடியில் நெல் வாங்கப் போனேன். அந்த விவசாயி என்னைப் பார்க்கக்கூட நேரமில்லாமல் பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். இவர் கதிர் முற்ற இன்னும் பத்து நாள். அவர் நெல்லே போடவில்லை, இறாலுக்குத் தூம்பைத் திறக்க அவசரப்படுகிறார். திறந்தால் இவர் பயிருக்குள் உப்பு ஏறிவிடும். கரை ஒன்றுதானே! ஒருவர் மட்டும் நெல் போட முடியாது, பாடசேகரம் முழுக்கப் போட்டால்தான் உண்டு. பேச்சு முடியும்வரை நான் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எட்டு நாள் தவணைக்கு அவர் ஒத்துக்கொண்டார். எனக்கு இரண்டு மூட்டை கிடைத்தது.